மார்க் ஷீட்டுல மேடு பள்ளம் இருந்தா வெளிநாட்டுக் கதவு சாத்திக்குமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே கவலைதான். ஒரு வருஷம் நல்ல மார்க்கு, அடுத்த வருஷம் தடால்னு கீழே, அப்புறம் மறுபடி மேலே, இதை வெச்சுக்கிட்டு வெளிநாட்டுல நல்ல யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணலாமான்னு. எல்லாத்துக்கும் பதில் எழுத பக்கம் பத்தாது, நாலு லெட்டரை மட்டும் எடுத்துக்குறேன்.

கேள்வி: சார் வணக்கம். நான் பென்னாகரம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில ப்ளஸ் டூ படிக்கிறேன், கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப்பு. பத்தாவதுல 500க்கு 471. ப்ளஸ் ஒன்ல 600க்கு 389 தான் சார், பிசிக்ஸ் 58. இப்போ காலாண்டுல 548, பிசிக்ஸ் 94, மேத்ஸ் 97. ப்ளஸ் ஒன் படிக்கும்போது அப்பாவுக்கு தொப்பூர் கணவாயில ஆக்சிடென்ட் ஆகி ஏழு மாசம் படுக்கையில இருந்தாங்க, எங்களுக்கு ஒரே ஒரு லாரிதான், அம்மா ஆஸ்பத்திரியில இருந்ததால வீட்டையும் தம்பியையும் நான்தான் பார்த்தேன். எனக்கு வெளிநாட்டுல பிசிக்ஸ் படிக்கணும்னு ஆசை, அமெரிக்காவுல இருக்குற எம்.ஐ.டி. மாதிரி இடத்துக்கு எல்லாம் அப்ளை பண்ணவே கூடாதா? பெங்களூர்ல ஒரு கன்சல்டன்ட் ப்ளஸ் ஒன் மார்க்கை காட்டவே வேணாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றார். இன்னொருத்தர் ஆக்சிடென்ட் பத்தி உருக்கமா எஸ்ஸே எழுதினா சீட்டு கிடைக்கும்னு சொல்றார். எது சார் சரி? பி.கு.: எழுத்து மோசமா இருந்தா மன்னிக்கணும், அப்பாவுக்கு பதிலா ஓட்டின ஆக்டிங் டிரைவரோட டீசல் கணக்கை எழுதி எழுதி இப்படி ஆயிடுச்சு, போகும்போது ஒரு மைலேஜ் வரும்போது ஒரு மைலேஜ் வந்து திருடுறாரோன்னு சந்தேகப்பட்டு நாலு மாசம் நோட்டு போட்டேன், கடைசியில திருட்டு இல்ல, மேடும் லோடும்தான் காரணம்.
பிளஸ் டூ மாணவி, பென்னாகரம் வட்டம்

பதில்: உன் லெட்டரை மூணு தடவை படிச்சேம்மா. முதல்ல அந்த பெங்களூர்காரர் கதையை முடிச்சிடுறேன், ஏன்னா இருக்குறதுலயே ஆபத்து அதுதான். ப்ளஸ் ஒன் மார்க்கை மறைக்கிறது நடக்காத காரியம். அமெரிக்கக் காலேஜ் கேக்குறது ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் நாலு வருஷ மார்க்கு, அதுவும் நீ அனுப்புறது கணக்குல வராது, ஸ்கூல்ல இருந்து நேரா போகணும். ஒரு வருஷத்தைக் காணோம்னா முதல் கேள்வியே அது எங்கன்னுதான் வரும். சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு தெரிஞ்சாலும் சீட்டை எடுத்துடுவாங்க, அந்த கன்சல்டன்ட் அப்போ போனை எடுக்க மாட்டார்.

ரெண்டாவது, நீ கேக்குற "அப்ளை பண்ணலாமா" ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரே லோடு மாங்காய்க்கு கிருஷ்ணகிரி மண்டியில ஒரு விலை, ஜூஸ் ஃபேக்டரி கேட்டுல ஒரு விலை, பெங்களூர் மார்க்கெட்டுல ஒரு விலைன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. மார்க் ஷீட்டும் அப்படித்தான். உன்னோட அந்த 389 அமெரிக்காவுல ஒரு எடை, இங்கிலாந்துல வேற எடை, சிங்கப்பூர்ல வேற. எங்க அது கம்மியா உறுத்துமோ அங்க உன் நேரத்தை அதிகமா போடு, அவ்வளவுதான் சூட்சுமம்.

அமெரிக்காவுல நாலு வருஷத்தையும் ஒரு கோடா பார்ப்பாங்க. மேலே இருந்துச்சு, விழுந்துச்சு, திரும்ப எழுந்துச்சுன்னா ஏன்னு தெரிஞ்சுக்க அவங்க ஃபார்ம்லயே இடம் வெச்சிருக்காங்க. அங்க கண்ணீரும் வேணாம் கவிதையும் வேணாம், நாலு வரி போதும். இப்படி எழுது: அப்பாவுக்கு விபத்து நடந்த மாசம், எத்தனை மாசம் படுக்கையில இருந்தார், நீ வீட்டுல என்னென்ன வேலை பார்த்தே, எத்தனை நாள் ஸ்கூலுக்கு லீவு, இப்போ மார்க் என்ன. முடிஞ்சுது. வருகைப் பதிவேட்டுல லீவு எண்ணிக்கை இருக்கும், அதைப் பார்த்து சரியான நம்பரை எழுது, குத்துமதிப்பா எழுதாதே. அதே விஷயத்தை உன் ஹெச்.எம். அவர் லெட்டர்ல ரெண்டு வரி சொல்லிட்டா அதுக்கு பத்து மடங்கு மதிப்பு, ஏன்னா நீயே உன்னைப் பத்தி சொல்றது வேற, ஸ்கூல் சொல்றது வேற.

ஹெச்.எம்.னு சொன்னேனா, இதுதான் நம்ம பக்கத்து பிள்ளைங்களுக்கு மார்க்கை விட பெரிய தலைவலி. நிறைய அமெரிக்கக் காலேஜுக்கு பொதுவா இருக்குற காமன் ஆப்ங்கிற ஃபார்ம்ல "கவுன்சிலர்" நிரப்பணும்னு ஒரு பகுதி வரும். நான் ஸ்கூல் சர்வீஸ்ல இருந்தப்போ ஒரே ஒரு பையனுக்கு இந்த வேலையை செஞ்சு குடுத்தேன், எங்க ஹெச்.எம். வார்டு கவுன்சிலர் கையெழுத்து எதுக்குய்யா வெளிநாட்டுக்காரனுக்குன்னு கேட்டார். அங்க கவுன்சிலர்னா படிப்புக்கு வழி காட்டுற ஆள், நம்ம ஸ்கூல்ல அப்படி ஒருத்தர் கிடையாது, அதனால ஹெச்.எம். தான் நிரப்பணும். கிளாஸ்ல எத்தனை பேர், ரேங்க் எத்தனாவது, உங்க ஸ்கூல்ல எத்தனை சதவீதம் பேர் காலேஜுக்குப் போறாங்க, இந்தப் பொண்ணு எடுத்த பாடம் ஸ்கூல்ல இருக்குறதுலயே கஷ்டமானதா, இதெல்லாம் கேப்பாங்க. அப்புறம் ஸ்கூல் பத்தி ஒரு பக்கம் அறிமுகம் வேற. அரசுப் பள்ளி, எத்தனை டீச்சர், லேப் எப்படி, பிள்ளைங்க எந்தெந்த கிராமத்துல இருந்து பஸ்ஸுல வர்றாங்க, மாநில பாடத்திட்டம், ப்ளஸ் டூ 600 மார்க்கு, இதை எல்லாம் அந்தப் பக்கத்துல எழுதச் சொல்லு. இது இல்லேன்னா அங்க உட்கார்ந்து படிக்கிற ஆளுக்கு உன் 548 நல்ல மார்க்கா சுமாரான்னே புரியாது. ஹெச்.எம். பிஸியா இருப்பார், எமிஸ்ங்கிற அரசாங்கத்தோட ஆன்லைன் பதிவுல ஏத்துற வேலையே அவருக்கு தலைக்கு மேல இருக்கும், அதனால நீயே விவரத்தை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு, அவர் அதைப் பார்த்து தன் வார்த்தையில எழுதட்டும். ஸ்கூல் மெயில் ஐடியை யார் திறக்குறாங்கன்னும் கேட்டுக்கோ, அந்தப் பையனுக்காக ஹெச்.எம். நிரப்ப வேண்டிய ஃபார்மோட லிங்க் பன்னெண்டு நாள் ஸ்பேம்ல கிடந்துச்சு, நாங்க அமெரிக்காக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

ஒன்பதாவது மார்க்கு வேற வேணும், ஞாபகம் வெச்சுக்கோ. அதுக்கு கவர்ன்மென்ட் மார்க் ஷீட் கிடையாது, ஸ்கூல் பதிவேட்டுல இருந்து எடுத்து லெட்டர்பேடுல டைப் பண்ணி சீல் வெச்சுத் தரணும். ஒன்பதாவது வேற ஸ்கூல்ல படிச்சிருந்தா இன்னைக்கே போய் கேளு.

உன்னை மாதிரி காரணம் இல்லாமலும் நிறைய பிள்ளைங்களுக்கு ப்ளஸ் ஒன் மார்க் பாதாளத்துல இருக்கு, அதையும் இங்கயே சொல்லிடுறேன். நாமக்கல் ராசிபுரம் பக்கம் ஆரம்பிச்சு நம்ம ஊத்தங்கரை வரைக்கும் வந்த பிராய்லர் ஸ்கூல் பழக்கம்தான், ப்ளஸ் ஒன் பாடத்தை தொடாம ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கிறது. அதைத் தடுக்கணும்னுதான் 2017-18ல பதினொன்னாவதுக்கும் பப்ளிக் கொண்டு வந்தாங்க, இப்போ 2025-26ல இருந்து அதையும் எடுத்துட்டாங்க. பப்ளிக் இல்லேன்னு இப்போ ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைங்க குஷியா இருக்காதீங்க, வெளிநாட்டுக்கு அந்த வருஷ மார்க்கு ஸ்கூல் குடுக்குறதாவது போகத்தான் வேணும். ஸ்கூல் பாடமே நடத்தலேன்னு எழுதி அனுப்பவும் முடியாது, எந்த ஹெச்.எம். கையெழுத்து போடுவார்?

இனி எஸ்ஸே. 650 வார்த்தை வரைக்கும் எழுதலாம். ஆக்சிடென்ட்டை வெச்சு உருக்கமா எழுதுன்னு சொன்னவர் பேச்சைக் கேக்காதே. ஐயோ பாவம்னு யாரும் பிசிக்ஸ் சீட்டு தர மாட்டாங்க, அந்த மேஜையில அன்னைக்கு காலையில மட்டும் இருபது சோகக் கதை வந்திருக்கும். உன் எஸ்ஸே உன் லெட்டர்லயே இருக்கு, பி.கு.ன்னு போட்டு கடைசியில தள்ளி வெச்சிருக்கியே, அதுதான். டிரைவர் டீசல் திருடுறாரான்னு பார்க்க நாலு மாசம் நோட்டு போட்டு, தருமபுரியில இருந்து சேலம் பக்கம் இறங்கும்போது ஒரு கணக்கு, திரும்ப கணவாய் ஏறும்போது ஒரு கணக்கு, கிரானைட் லோடு இருந்தா எப்படி, காலி வண்டின்னா எப்படின்னு பிரிச்சுப் பார்த்து ஒரு மனுஷன் மேல இருந்த சந்தேகத்தை நீயே தீர்த்திருக்கே. பிசிக்ஸ்ல 58 வாங்கின அதே வருஷத்துல நீ செஞ்ச பிசிக்ஸ் அது! அந்த நோட்டு இன்னும் இருக்கா? இருந்தா பத்திரமா வெச்சுக்கோ. முதல்ல என்ன நினைச்சே, எங்க தப்பா போட்டே, டிரைவர் கிட்ட அப்புறம் எப்படி பேசினே, எல்லாத்தையும் எழுது. முதல்ல தமிழ்ல எழுதிட்டு அப்புறம் இங்கிலீஷுக்குப் போ, இல்லேன்னா கைடுல இருக்குற மாதிரியே வரும்.

எம்.ஐ.டி. பத்தி கேட்டே. அப்ளை பண்ணு, ஆனா அதை நம்பி உட்காராதே. அங்க அப்ளை பண்றவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேருக்குக் கூட இடம் இல்ல, வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு அதை விடக் கம்மி, ஒலிம்பியாட் மெடல் வாங்கின பிள்ளைங்களுக்கே கிடைக்காமப் போகுது. அவங்களுக்கு காமன் ஆப் கிடையாது, தனி ஃபார்ம். எஸ்.ஏ.டி. இல்லேன்னா ஏ.சி.டி.ன்னு ஒரு பொதுத் தேர்வு கட்டாயம், எஸ்.ஏ.டி. இப்போ கம்ப்யூட்டர்லதான் நடக்குது, 1600 மார்க்கு, நீ பெங்களூரோ சென்னையோ போய் எழுத வேண்டி வரலாம். மேத்ஸ் அல்லது சயின்ஸ் டீச்சர் ஒருத்தர், மொழி அல்லது வரலாறு மாதிரி பாடம் எடுத்தவர் ஒருத்தர், ரெண்டு பேர் லெட்டர் குடுக்கணும். தமிழ் டீச்சர் குடுக்கலாமான்னு தயங்காதே, உன்னை யாருக்கு நல்லா தெரியுமோ அவங்கதான் சரி. உனக்கு எஸ்.ஏ.டி. ஒரு நல்ல வாய்ப்பும் கூட, ஏன்னா ப்ளஸ் ஒன் மார்க்கு உன் மேத்ஸைப் பத்தி தப்பா சொல்லுது, இது ஒரு ரெண்டாவது சாட்சி மாதிரி.

காசு விஷயம் இதுல பாதி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், போடன் மாதிரி சில இடங்கள்ல வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கும் காசு இருக்கா இல்லையான்னு பார்க்காம தேர்வு பண்ணுவாங்க, எடுத்துக்கிட்டா குறையுற பணத்தை அவங்களே போடுவாங்க, கடனா இல்ல, உதவியா. மத்த நிறைய இடத்துல நீ எவ்வளவு உதவி கேக்குறேங்கிறதும் தேர்வுல ஒரு காரணம் ஆகும். ஒரு லாரி வெச்சிருக்குற குடும்பம், அதனால உதவி கேக்காம அப்ளை பண்ணி சீட்டு வாங்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு மட்டும் நினைக்காதே, சேர்ந்த பிறகு போய் கேட்டா நிறைய காலேஜ்ல குடுக்க மாட்டாங்க. அப்ளிகேஷன் ஃபீஸ் கட்ட முடியலேன்னா ஃபீஸ் விலக்கு கேக்கலாம், கூச்சப்படாதே.

இங்கிலாந்து கதை வேற. அங்க யூகாஸ்ங்கிற ஒரே ஃபார்ம், அஞ்சு சாய்ஸ். அவங்க பார்வை பெரும்பாலும் ப்ளஸ் டூ மேலயும் நீ எடுக்கப் போற பாடத்து மேலயும்தான், ப்ளஸ் ஒன் உனக்கு அங்க கம்மியா வலிக்கும். டீச்சர் லெட்டர்லயே படிப்பு பாதிச்ச சூழ்நிலைன்னு தனியா ஒரு பகுதி 2024 சேர்க்கையில இருந்து வெச்சிருக்காங்க, உன் விஷயம் அச்சா அந்த கட்டத்துக்குள்ள உட்காரும். 2026 சேர்க்கையில இருந்து நீ எழுதுற பகுதியும் மூணு கேள்வியா மாறிடுச்சு, மொத்தம் 4000 எழுத்து, ஏன் இந்தப் பாடம், இதுவரைக்கும் படிச்சது எப்படி தயார் பண்ணுச்சு, வெளியில என்ன செஞ்சேன்னு. டீசல் நோட்டு இங்கயும் உதவும், ஆனா அப்பா கதை வேணாம். ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் கடைசி தேதி அக்டோபர் 15, அது போச்சு, தவிர ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் போடவும் முடியாது. மத்ததுக்கு ஜனவரி நடுவுல வரைக்கும் டைம் இருக்கு. ஸ்டேட் போர்டுன்னா சி.பி.எஸ்.இ.யை விட கொஞ்சம் கூடுதல் பர்சன்டேஜ் கேக்குற யூனிவர்சிட்டி நிறைய உண்டு, ஒவ்வொரு யூனிவர்சிட்டி சைட்லயும் இந்தியான்னு ஒரு பக்கம் இருக்கும், அதைப் பார்க்காம ஒரு சாய்ஸ் கூட போடாதே. பிரச்சனை பணம்தான். நல்ல இடத்துல பிசிக்ஸுக்கு வருஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம், முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல போகும், இளநிலைக்கு முழு உதவித்தொகை அபூர்வம். சிங்கப்பூர்ல என்.யூ.எஸ்., என்.டி.யூ.ங்கிற ரெண்டு யூனிவர்சிட்டியிலயும் அரசாங்கம் ஃபீஸ்ல ஒரு பகுதியைக் கட்டும், பதிலுக்கு படிச்சு முடிச்சு மூணு வருஷம் அங்க வேலை பார்க்கணும், உன் வீட்டு நிலைமைக்கு அதையும் பாரு.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா தப்பு, ஐசர்ங்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிலையங்களுக்கான நுழைவுத் தேர்வையும் எழுதிடு. பிசிக்ஸ் தான் வேணும்னா புனேயும் திருவனந்தபுரமும் சாதாரண இடம் இல்ல, அங்க உன் 389ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளின்னா இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடும் கைவசம் இருக்கு, ஃபீஸை அரசாங்கமே கட்டுது. அப்பா இப்போ எழுந்து நடக்குறாரான்னு எழுதலையே, அடுத்த லெட்டர்ல எழுது.

கேள்வி: ஐயா, எங்களுக்கு போச்சம்பள்ளி பக்கம் நாலு ஏக்கர் மாங்கொல்லை. பையன் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். தமிழ் மீடியத்துல படிச்சவன், முதல் வருஷத்துல நாலு அரியர், இப்போ எல்லாம் கிளியர் பண்ணிட்டான். நாலு செமஸ்டர் ஜி.பி.ஏ. 5.9, 6.3, 7.2, 7.8. ஜெர்மனியில எம்.எஸ். படிக்கணும்ங்கிறான். ஜெர்மனியில படிப்பு ஃப்ரீங்கிறாங்க, ஆனா ஏஜென்ட் 18 லட்சம் ஃபீஸ்ங்கிறார், அரியர் வெச்சவனுக்கு அந்த காலேஜ்தான் கிடைக்குமாம். இந்த வருஷம் பெங்களூரா காய்க்கு விலையே இல்ல, கொல்லையை அடமானம் வெச்சு லோன் வாங்கலாமா?
ஒரு விவசாயி, போச்சம்பள்ளி

பதில்: அண்ணே, கொல்லையைத் தொடாதீங்க, இன்னும் ரெண்டு வருஷம் டைம் இருக்கு.

ஏஜென்ட் சொல்ற 18 லட்சம் ஏதோ பிரைவேட் யூனிவர்சிட்டியா இருக்கும். பையனை சேர்த்துவிட்டா ஏஜென்ட்டுக்கு கமிஷன் வர்ற இடங்கள் அதுங்கதான், கவர்ன்மென்ட் யூனிவர்சிட்டியில சேர்த்தா அவருக்கு ஒண்ணும் வராது. ஜெர்மனியில அரசு யூனிவர்சிட்டி பெரும்பாலானதுல படிப்புக்கு ஃபீஸ் கிடையாது, ஒரு செமஸ்டருக்கு சில நூறு யூரோ கட்டணும் அவ்வளவுதான். விதிவிலக்கு உண்டு, பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்துல செமஸ்டருக்கு 1500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியில இப்போ வெளிநாட்டுப் பிள்ளைங்க கிட்ட மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4000ல இருந்து 6000 யூரோ வாங்குறாங்க.

அரியர் விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மன்காரங்க கதையை விட கணக்கைத்தான் முதல்ல பார்ப்பாங்க. நம்ம சி.ஜி.பி.ஏ.வை அவங்க கிரேடுக்கு மாத்த ஒரு ஃபார்முலா வெச்சிருக்காங்க, அங்க 1 தான் உசத்தி, 4 பாஸ். பத்துல இருந்து பையனோட சி.ஜி.பி.ஏ.வைக் கழிச்சு, அதை பத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, மூணால பெருக்கி, ஒண்ணு கூட்டணும். பாஸ் மார்க்கு 5ன்னு வெச்சா, தம்பியோட இன்னைக்கு சராசரி 6.8க்கு 2.92 வருது. நிறைய நல்ல கோர்ஸுக்கு 2.5க்குள்ள இருக்கணும்ங்கிறாங்க. 2.5 வரணும்னா சி.ஜி.பி.ஏ. 7.5 வேணும். கிரெடிட் வித்தியாசத்தை விட்டுட்டு பார்த்தா, பாக்கி இருக்குற நாலு செமஸ்டரும் சராசரியா 8.2 எடுத்தா கரெக்டா 7.5 வந்துடும். கடைசி செமஸ்டர்ல 7.8 எடுத்த பையன் 8.2 எடுக்குறது ஒண்ணும் மலையைப் புரட்டுற வேலை இல்ல. இந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதி அவன் டேபிள் மேல ஒட்டச் சொல்லுங்க. முதல் வருஷ அரியருக்கு என்ன சொல்றதுன்னு அவன் கவலைப்பட்டா, தமிழ் மீடியத்துல இருந்து வந்தேன், முதல் ரெண்டு செம் பாஷையோட மல்லுக்கட்டினேன்னு அவங்க கேக்குற விண்ணப்பக் கடிதத்துல ஒரே வரி போதும், 5.9, 6.3, 7.2, 7.8ங்கிற வரிசையே மீதியைச் சொல்லிடும்.

அதை விட முக்கியம் பாடம் ஒத்துப்போறது. இங்க படிச்ச மேத்ஸ், தெர்மோ, டிசைன் எல்லாம் அவங்க கேக்குற அளவு கிரெடிட் இருக்கான்னு பார்ப்பாங்க, அது இல்லேன்னா 9 பாயின்ட் வெச்சிருந்தாலும் வேணாம்னுடுவாங்க. ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்துலயும் பட்டியல் இருக்கும், பையன் சிலபஸ் புக்கை பக்கத்துல வெச்சுக்கிட்டு தானே பார்க்கட்டும், ஏஜென்ட் பார்க்க மாட்டார். அப்புறம் மார்க் ஷீட் எல்லாம் உண்மைதான்னு சரிபார்த்துத் தர்ற ஏ.பி.எஸ்.னு ஒரு சர்ட்டிபிகேட், 2022 நவம்பர்ல இருந்து இந்தியப் பிள்ளைங்களுக்கு கட்டாயம், 18,000 ரூபாய், நாள் ஆகும், அதனால முன்னாடியே போட்டுடணும்.

பணம்: விசாவுக்கு முன்னாடி ஒரு வருஷச் சாப்பாட்டு, வாடகைச் செலவை பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டுக் காட்டணும், இப்போ 11,904 யூரோ, ஏறத்தாழ பன்னெண்டு லட்சம். அது ஃபீஸ் இல்லீங்க, மாசம் 992 யூரோவா பையனுக்கே திரும்ப வர்ற பணம். வருஷத்துக்கு 140 முழு நாள் பார்ட் டைம் வேலை பார்க்க அனுமதி இருக்கு, ஆனா போன உடனே வேலை கிடைச்சிடும்னு நம்பி போகக்கூடாது. லோன்னா, பேங்க்ல ஏழரை லட்சத்துக்கு மேல போனா பொதுவா சொத்து ஜாமீன் கேப்பாங்க, அதுலயும் வீடு, மனை, டெபாசிட் மாதிரி இருந்தாதான் எடுத்துக்குவாங்க, விவசாய நிலத்தை எஜுகேஷன் லோனுக்கு பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. அதனாலதான் சொல்றேன், கொல்லையை அடமானம்னு யாராவது சொன்னா அது பேங்க் இல்ல, வட்டிக்கு விடுறவங்க. ஊருக்குள்ள வீட்டுப் பத்திரம் உங்க பேர்ல இருந்தா அதை எடுத்துக்கிட்டு ரெண்டு பேங்க்ல விசாரிங்க. ஆதிதிராவிடர், பழங்குடியினரா இருந்தா அண்ணல் அம்பேத்கர் பேர்ல மாநில அரசோட அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல ஆதிதிராவிடர் நல அலுவலகத்துல கேளுங்க.

பையன் இன்னைக்கே ஜெர்மன் பாஷையில முதல் நிலையான ஏ ஒன் ஆரம்பிக்கட்டும். கோர்ஸ் இங்கிலீஷ்ல இருந்தாலும் காய்கறி வாங்கவும் வேலை தேடவும் அதுதான் கை குடுக்கும், முதல் வருஷம் பாஷையில பட்ட கஷ்டம் அவனுக்கே தெரியுமே.

கேள்வி: மகன் ஓசூர்ல சி.பி.எஸ்.இ. பன்னெண்டாவது. மேத்ஸ் எப்பவும் 95க்கு மேல, இங்கிலீஷ் 60ஐத் தாண்ட மாட்டேங்குது. யூ.கே.யில கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டா இங்கிலீஷ் மார்க்கால போயிடுமா?
ஒரு அம்மா, ஓசூர்

பதில்: போகாதுங்க. நிறைய யூ.கே. யூனிவர்சிட்டி சி.பி.எஸ்.இ. இங்கிலீஷ்ல எழுபது எழுபத்தஞ்சுக்கு மேல இருந்தா ஐ.இ.எல்.டி.எஸ்.ங்கிற இங்கிலீஷ் தேர்வு வேணாம்னு விட்டுடுவாங்க, உங்க பையனுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, அவ்வளவுதான் நஷ்டம். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி அவங்க கேக்குற பேண்டு எடுத்துட்டா ஸ்கூல் இங்கிலீஷ் மார்க்கை பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா மொத்த சராசரின்னு கேக்குற இடத்துல அந்த அறுபது கீழே இழுக்கும், சில யூனிவர்சிட்டி இங்கிலீஷை விட்டுட்டு நாலு பாடம் கூட்டும், சிலது அஞ்சையும் கூட்டும், அதைப் பார்த்து அஞ்சு சாய்ஸைப் பொறுக்குங்க. ஐ.இ.எல்.டி.எஸ். மார்க்கு ரெண்டு வருஷம்தான் செல்லும், ரொம்ப சீக்கிரமாவும் எழுத வேணாம். எழுதுறதுல தடுமாறுறான்னா, எஸ்ஸேவை ஏ.ஐ. கிட்டயோ கன்சல்டன்ட் கிட்டயோ எழுதி வாங்கிக்கலாம்னு மட்டும் யாரும் யோசனை சொன்னா கேக்காதீங்க, யூகாஸ்ல ஒத்துப் பார்க்குற சாஃப்ட்வேர் ஓடுது, அமெரிக்க காமன் ஆப்ல ஏ.ஐ. எழுதினதைத் தன்னுதுன்னு குடுத்தா மோசடின்னே விதியில போட்டிருக்காங்க.

கேள்வி: சார், என் மார்க் ஷீட்ல பேருக்கு முன்னாடி ரெண்டு இனிஷியல் இருக்கு. பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா பின்னாடி வந்திருக்கு. ஐ.இ.எல்.டி.எஸ். பதிவு பண்ணப் போறேன், எந்தப் பேர் போடணும்?
அரூர் வாசகர்

பதில்: பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே, ஒரு எழுத்து மாறாம. ஐ.இ.எல்.டி.எஸ்., யூனிவர்சிட்டி ஃபார்ம், விசா எல்லாத்துலயும் அதே பேர். மார்க் ஷீட்ல இருக்குற இனிஷியலுக்கு, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஹெச்.எம். கிட்ட ஸ்கூல் லெட்டர்பேடுல ஒரு சான்று வாங்கிக்கோங்க, யூனிவர்சிட்டி கேட்டா நோட்டரி கிட்ட அஃபிடவிட்டும் போட்டுக்கலாம். ரெண்டு இனிஷியல்ல ஒண்ணு ஊர் பேரா தாத்தா பேரான்னு அப்பா கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, விசா ஆபீஸ்ல கேப்பாங்க, போன மாசம் ஒரு பையன் அங்க நின்னு வீட்டுக்கு போன் போட்டானாம்.